லேத்து மூக்கும் லாபக் கணக்கும்

என் வலது கையில் இரும்பு அடிக்கோல். எதிரே லேத்து என்கிற கடைசல் எந்திரம். பக்கத்தில் என் மாமனார் வெற்றிலையை மெல்லாமல் வாயில் அடக்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் மில் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் கூரை வரைக்கும் நெல் மூட்டைகள். தவிட்டு வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து தொண்டையில் இறங்குகிறது.

லேத்தின் சுழல்தண்டு முன்பக்கம் ஒரு குழந்தையின் மணிக்கட்டுப் பருமனுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி, திருகாணியில் இருப்பதுபோல, மரை ஓடுகிறது. முதல் மரையின் உச்சியில் அடிக்கோலின் தொடக்கக் கோட்டை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று உரக்க எண்ணுகிறேன்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு."

"ஆறு," என்றார் மாமனார், தீர்ப்புச் சொல்வதுபோல. பிறகு வெற்றிலையை மென்றார்.

நான் எண்ணியவற்றில் இதைவிடச் சுலபமானது கிடையாது. இதைவிடத் தப்பானதும் கிடையாது.

இஞ்சினீர் மாப்பிள்ளை

சென்ற வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். மாப்பிள்ளை அப்போது என்ன உத்தியோகம் பார்த்தார் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். கல்யாணத்தின்போது அதை யாரும் கேட்கவில்லை.

நான் சென்னையில் கணிதம் படித்து பி.ஏ. தேறியவன். சந்திரன் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று பரீட்சையில் கணக்குப் போட்டிருக்கிறேன். ஓர் இரும்புத் துண்டை அளந்தது கிடையாது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, மாமனாரின் ஊரில், இந்த வித்தியாசம் யாருக்கும் புலப்படவில்லை.

அவர் நிறைய வயல் உள்ளவர். ஊர் அவரைப் பண்ணாடி என்று கூப்பிடும். ஆயில் எஞ்சின் வைத்து நெல் அரைக்கும் மில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருந்தார். எஞ்சினில் பதித்திருந்த பித்தளைத் தகட்டை நான் ஒருநாள் வாசித்துச் சொன்னேன். அன்று முதல் இஞ்சினீர் மாப்பிள்ளை ஆனேன். மறுத்திருக்கலாம். மறுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதற்குள் மாமனார் அதைச் சித்தூர் சந்தை வரைக்கும் சொல்லி முடித்திருந்தார்.

மலையிறங்கி வந்தது

லேத்து, நெல்லியாம்பதி மலையில் ஒரு துரையின் காப்பித் தோட்டத்தில் இருந்தது. செடிகளில் நோய் விழுந்தது. துரை கப்பலேறினார். சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நாற்காலி வாங்கப் போன மாமனார் லேத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

"அது என்ன எந்திரம் மாமா?" என்று கேட்டேன்.

"இரும்பைச் சொரண்டற எந்திரமுங்க மாப்பிள்ளை. நம்ம மில்லுக்கு வேணுங்கற சாமானத்தை இனி நாமளே சொரண்டிக்கலாம்."

காளைகள் நுரை தள்ள அது வந்து சேர்ந்தது. வந்த பிறகுதான், இரும்பைப் பிடித்துக்கொள்ளும் கை அதற்கு இல்லை என்று தெரிந்தது. அந்தக் கைக்குச் சக் என்று பெயர். நான்கு தாடைகளால் இரும்பைக் கவ்விச் சுழற்றும். கோயமுத்தூரிலிருந்து ஒரு சக் தருவித்தோம்.

சக் நேராக லேத்தில் ஏறிவிடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வட்டத் தட்டு வேண்டும். சக்கை அந்தத் தட்டில் ஆணி போட்டு முடுக்க வேண்டும். தட்டின் நடுத் துளையில் மரை வெட்டி, அதை லேத்தின் தண்டில் திருகி ஏற்ற வேண்டும். பேக் பிளேட் என்பார்கள். சக்கை அனுப்பியவர்கள் கூடவே மரை வெட்டாத வெறும் வார்ப்புத் தட்டைத்தான் அனுப்பியிருந்தார்கள். உங்கள் லேத்துக்கு என்ன மரையோ அதை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

எங்கள் லேத்தைச் செய்த சீமைக் கம்பெனி, சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பத்தைப் போன்றது. தன் தண்டில் அடுத்தவன் தட்டு ஏறிவிடக்கூடாது என்பதற்காகவே உலகத்தில் யாரும் போடாத மரையைப் போட்டு வைத்திருந்தது. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மாமனாருக்கு இங்கிலீஷ் பேர்கள் வாயில் நுழையவில்லை. நான் தமிழாக்கிக் கொடுத்தேன். தண்டின் மரையுள்ள முனை மூக்கு. லேத்தோடு ஏற்கனவே வந்திருந்த பெரிய தட்டு, சாமான்களை ஆணி போட்டுப் பூட்டுவதற்கானது, முகத்தட்டு. இனி மரை வெட்ட வேண்டியது முதுகுத்தட்டு. மூக்கு, முகம், முதுகு எல்லாம் அமைந்தன. தலை விஷயத்தில்தான் குறை. அது லேத்தின் குறை இல்லை.

துரை அழுத கதை

மரை வெட்டக் கோயமுத்தூரிலிருந்து மருதாசலம் என்கிற டர்னர் வந்தார். எண்ணெய் போட்டு முறுக்கிய மீசை. இடுப்பில் பருமன் அளக்கிற, பித்தளைப் பிடி போட்ட காலிப்பர் கவை. அடக்கம் என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"நாலு துரைமாருகிட்ட வேலை பாத்துட்டனுங்க. ஒரு துரை, சீமைக்கு வந்துரு மருதாசலம்னு என்ற கையைப் புடிச்சு அழுதே போட்டாருங்க."

"போகலையா?"

"கப்பல்ல சோறு செரியிருக்காதுன்னாங்க. உட்டுட்டனுங்க."

மாமனாருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இருவரும் ஒரே அளவில் பேசக்கூடியவர்கள். முதுகுத்தட்டு மூக்கில் ஏறி, சக் சுழன்று, உறவுக்காரர் எல்லாரும் பார்க்க லேத்து ஓடினால், மருதாசலத்துக்கு மில்லில் நிரந்தர வேலை. மில் வளவுக்குள்ளேயே ஓட்டு வீடு. ஏறாவிட்டால் வந்த வழி. பேச்சு அவ்வளவுதான்.

மருதாசலம் ஏறாவிட்டால் என்கிற பாதியைக் காதில் வாங்கவே இல்லை. கோயமுத்தூரில் இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, நிறைமாதமாக இருந்த மனைவி ரங்கம்மாளை, அம்மி, உரல், கோழிக்கூடு சகிதம் வண்டியில் அழைத்து வந்துவிட்டார். ரங்கம்மாள் இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை, லேத்தைத்தான் பார்த்தாள்.

"இதானா? இதுல நீங்க கடைசி வரைக்கும் நிப்பீங்களா, இல்லை இங்கயும் நாலு மாசமா?"

"பாரு புள்ளே, இனி சாகற வரைக்கும் இந்த வளவுதான்," என்றார் மருதாசலம்.

ஒண்ணு என்று சொல்லாத மில்

இங்கே நெல் அளக்கிற விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெல் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே. லாபம், இரண்டு, மூன்று என்று போகும். என் மாமனார் இதைச் சட்டமாகவே ஆக்கியிருந்தார். அவர் மில்லுக்குள் எந்தப் பொருளையும் ஒன்று என்று எண்ணக்கூடாது. மூட்டை, மாடு, விளக்கு, விருந்தாளி எல்லாம் லாபத்தில்தான் தொடங்க வேண்டும்.

அதில் ஒரு நுணுக்கமும் இருந்தது. குடியானவர்கள் குத்தகை நெல் கொண்டுவந்து பறை என்கிற அளவுப் பாத்திரத்தால் அளந்து கொட்டும்போது, மாமனார் முதல் பறைக்கு வானத்தைப் பார்த்து "லாபம்" என்பார். இரண்டாவது பறைக்கு, குரலைத் தாழ்த்தி, மறுபடி "லாபம்" என்பார். மூன்றாவது பறைதான் இரண்டு. முதலாவது தூசிக்காம். கூலிக்காரர்களுக்கு நாங்கள் அளந்து கொடுக்கும்போது லாபம் ஒரு தடவைதான் வரும். நெல்லில் தூசி வாங்கும்போது மட்டும் இருந்தது.

குடியானவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கணிதம் படித்த நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ராத்திரி என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பா ரெண்டு தரம் சொன்னதை நீங்களும் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள்.

இனி லேத்துக்கு வருகிறேன். மூக்கின் மரையை முதலில் எண்ண வந்தவர் மருதாசலம்தான். முகத்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்கைத் துணியால் துடைத்து, கட்டைவிரல் நகத்தை இரண்டு மரைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்து, கூட்டத்தை ஒரு முறை பார்த்து, "ஒண்ணு" என்றார்.

மூட்டை சுமந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"எவன்டா அவன், என்ற மில்லுக்குள்ள நின்னுட்டு ஒண்ணுங்கறது?" என்றார் மாமனார். மருதாசலத்தின் கையிலிருந்த அடிக்கோலை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீங்க எண்ணுங்க மாப்பிள்ளை. நம்ம கையே எண்ணட்டும்."

பள்ளத்தை எண்ணியிருந்தால் ஐந்து வந்திருக்கும். நான் உச்சியை எண்ணினேன். தொடக்கக் கோட்டில் நின்ற உச்சி உண்மையில் கணக்கில் வராது. அதுவரை ஒரு மரையும் முடியவில்லை. பூஜ்யம் என்று தொடங்க வேண்டிய இடத்தில் லாபம் என்று தொடங்கினேன். ஐந்து ஆறாயிற்று.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. அதில், இன்ன பருமனுக்கு இன்ன மரை என்று அட்டவணை. எங்கள் மூக்கின் பருமனுக்கு நேரே ஆறு என்று போட்டிருந்தது. மாமனாரின் வழக்கமும் சீமைப் புத்தகமும் ஒரே எண்ணைச் சொன்ன சந்தர்ப்பம் அது ஒன்றுதான். அந்தச் சந்தோஷத்தில், அட்டவணைக்கு அடங்காத லேத்தும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு மூக்கு

மருதாசலம் வேலை தொடங்குமுன் ஒரு கோரிக்கை வைத்தார்.

"முதல்ல ஒரு மூக்கு கடையோணுமுங்க. இதே மாதிரி."

"மூக்குத்தான் இருக்குதே," என்றார் மாமனார்.

"அது எந்திரத்தோட மூக்குங்க. நான் சொல்றது கையில வெச்சுக்கற மூக்குங்க. நான் எங்க போனாலும் முதல்ல அதைத்தானுங்க செய்வேன். அது என்ற வழக்கமுங்க."

இதில் நல்ல அர்த்தம் இருந்தது. முதுகுத்தட்டில் மரை வெட்ட வேண்டுமானால் அதை முகத்தட்டில் பூட்ட வேண்டும். முகத்தட்டோ மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். வெட்டுகிற மரை மூக்குக்குப் பொருந்துமா என்று நடுவில் போட்டுப் பார்க்க வழியில்லை. பூட்டைக் கழற்றிவிட்டால் மறுபடி அதே இடத்தில் நூல் பிசகாமல் பூட்டவும் முடியாது. ஆகவே முதலில் மூக்கைப் போலவே இன்னொரு துண்டு கடைந்துகொண்டு, முகத்தட்டு அதில் சரியாகத் திருகுகிறதா என்று பார்த்துவிட்டு, அதை வைத்து முதுகுத்தட்டைச் சோதித்துக்கொண்டே வெட்ட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் என் ஆறு அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் மருதாசலத்துக்குக் காரணம் சொல்லிப் பழக்கமில்லை. பெருமை சொல்லித்தான் பழக்கம். "சீமைத்துரையே என்ற மூக்கைப் பாத்துட்டு அசந்துட்டாருங்க," என்று ஆரம்பித்தார்.

"ஒரு மூக்கு இருக்கறப்போ ரெண்டாவது மூக்கு எதுக்குங்க மாப்பிள்ளை?" என்று மாமனார் என்னைக் கேட்டார். "நாள் கடத்தறானா?"

எனக்கும் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்வது இஞ்சினீருக்கு அழகல்ல என்பது மட்டும் தெரியும். "நான் எண்ணியாயிற்று மாமா. தேவையில்லை," என்றேன்.

உறவுக்காரருக்குச் சொல்லி அனுப்பிய நாள் நெருங்கிவிட்டிருந்தது.

ராகு காலம்

முதுகுத்தட்டை முகத்தட்டில் பூட்டினார்கள். பல்சக்கரங்களை ஆறுக்குத் தக்கபடி மாற்றினார் மருதாசலம். எஞ்சினின் பெல்ட்டை லேத்துக்குத் திருப்பினதும் தட்டு சுழன்றது. வெட்டுளி துளைக்குள் போய் ஒரு மெல்லிய கீறல் மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்தது. முதலில் கீறல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழம். அதுதான் முறை.

அந்த நேரம் பார்த்து ராகு காலம் தொடங்கிற்று. மாமனார் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். முன்கூட்டியே வந்திருந்த உறவுக்காரர் எல்லாரும் மோர் குடிக்க வெளியே போனார்கள்.

நான் தனியாக நின்றேன். சும்மா இருக்கமாட்டாமல் அடிக்கோலைத் துளைக்குள் வைத்து, அதே மாதிரி, கீறல்களை எண்ணினேன்.

லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழு. ஆறு வெட்டச் சொன்ன இடத்தில், என் எண்ணிக்கைப்படி ஏழு வருகிறது. அப்படியானால் என் எண்ணிக்கையில் எப்போதும் ஒன்று கூடுதல். அப்படியானால் ஆறு என்று எண்ணிய மூக்கு ஐந்து. இது வெறும் கீறல்தான். இப்போது சொன்னால் சக்கரத்தை மாற்றி, கீறலை அழித்து, ஐந்து வெட்டிவிடலாம். ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

மருதாசலத்திடம் சொல்ல வெளியே வந்தேன். ஓட்டு வீட்டின் வாசலில் மூன்று கல் கூட்டி ரங்கம்மாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வேலை நிலைக்கும் முன்பே பால் காய்ச்சியாயிற்று. மருதாசலம் பக்கத்தில் குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தார். புகையில் அவர் கண்ணைக் கசக்கினார். அவள் எதற்கோ சிரித்தாள்.

அவரிடம் சொன்னால் போதாது, மாமனாரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் உறவுக்காரர் நடுவில் மோர்ச் செம்போடு நின்றார்.

"மாமா, ஒரு சந்தேகம். லாபம் என்பது ஒன்றா, சைபரா?"

செம்பு பாதி வழியில் நின்றது.

"லாபம் சைபரா?" என்றார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க மாப்பிள்ளை இது?"

"படிச்சவங்க இல்லீங்களா," என்றார் ஒறம்பரையாக வந்திருந்த உறவுக்காரர் ஒருவர். "படிப்புச் செலவைக் கூட்டிக் கழிச்சுப் பாத்திருப்பாரு. லாபம் சைபருன்னு வந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். மில் முதலாளியிடம், அவர் சொந்தக்காரர் முன்னால், உங்கள் லாபம் பூஜ்யம் என்று நிரூபிக்க வேண்டிய நிலையில் நான் இருந்தேன். கணிதத்தில் அது ஒரு வரி.

"சும்மா கேட்டேன் மாமா," என்றேன்.

ராகு காலம் முழுவதும் எனக்கு அவகாசம் இருந்தது. கிரகங்களே ஒத்துழைத்தன. பிறகு எஞ்சின் ஓடிற்று, பெல்ட் சுழன்றது, வெட்டுளி ஆழமாகப் போயிற்று, வார்ப்பிரும்புத் தூள் கறுப்பாகக் கொட்டிற்று. மருதாசலத்தின் கை நடுங்கவில்லை. அவ்வளவு சுத்தமான தப்பு மரையை நான் பிறகு பார்த்ததில்லை. அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஏறவில்லை

மறுநாள் காலை முகூர்த்தத்தில் முதுகுத்தட்டுக்குச் சந்தனம் பூசினார்கள். மருதாசலம் அதை மூக்கில் வைத்துத் திருகினார். ஒரு சுற்றுப் போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது.

தேங்காயெண்ணெய் விட்டார்கள். ஏறவில்லை. மூங்கில் கழியைக் கொடுத்து இரண்டு ஆட்கள் தள்ளினார்கள். மூக்கு கீச்சென்றது. "கண் பட்டுப்போச்சு, பூசணிக்காய் உடைங்க," என்றார் ஒருவர். உடைத்தார்கள். பூசணிக்காய் மட்டும்தான் அன்று சரியாக உடைந்தது.

மருதாசலத்தின் மீசை தொங்கிப் போயிருந்தது. தட்டைத் திருப்பிப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"குடிச்சுப்போட்டு வெட்டுனியா?" என்றார் மாமனார்.

"தொடலீங்க மொதலாளி. ரங்கம்மா மேல ஆணையா நேத்துத் தொடலீங்க."

"பொறவு எப்படிடா ஏறாது?"

மருதாசலம் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் சந்தேகம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதில் நம்பிக்கைதான் இருந்தது.

"மாப்பிள்ளைங்க, நீங்கதான எண்ணுனீங்க? ஆறுதானுங்களே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் நின்ற ரங்கம்மாளும் பார்த்தாள்.

"ஆறுதான்," என்றேன்.

"வண்டியைப் பூட்டித் தாட்டி உடுங்கடா," என்றார் மாமனார்.

அம்மி, உரல், கோழிக்கூடு எல்லாம் ஏறின. ரங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறினாள். அவள் புருஷனிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினது எனக்குக் கேட்டது. "குடிச்சீங்களா?" அவர் பதில் சொன்னதை வண்டிச் சத்தம் விழுங்கிவிட்டது.

வாங்குகிற கணக்கு

அதற்குப் பிறகு லேத்துக்கு வேலை இல்லாமல் போகவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை. வருகிறவர்களிடம் மாமனார் அதை, "சீமையில செஞ்சது, எவன் தட்டும் ஏறாது," என்று காட்டுவார். சக் ஊறுகாய்ப் பானை மேல் பாரமாக உட்கார்ந்தது.

பல வருஷம் கழித்து மாமனார் படுக்கையில் விழுந்தபோது நான் விஷயத்தைச் சொன்னேன். மூக்கு ஐந்து என்றும், கீறலிலேயே எனக்குத் தெரியும் என்றும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"நீங்க குடுக்கற கணக்குல எண்ணிப்போட்டீங்க மாப்பிள்ளை," என்றார். "வாங்கற கணக்குல எண்ணியிருக்கோணும்."

லாபம், லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சரிதான். குத்தகை நெல்லை ஏமாற்றி அளந்தபடி எண்ணியிருந்தால் அந்த மூக்கு சரியாக வந்திருக்கும். எங்கள் மில்லில் யோக்கியமான கணக்கால் கெட்டது அது ஒன்றுதான்.

"மருதாசலத்தைத் தேடிக் கூப்பிட்டு விடலாமா மாமா?"

"எதுக்குங்க? அவன் வந்தா லேத்து ஓடும். லேத்து ஓடுனா அன்னிக்கு நம்ம பேருல தப்புன்னு ஊருக்குத் தெரியும். நிக்கட்டும்."

நான் சரி என்றேன். மருதாசலத்தை நான் கைவிட்டது அது இரண்டாவது தடவை.

மேட்டுக்கு மேலே

அவர் காலமான பிறகு விசாரித்தேன். கோயமுத்தூரில், தட்டைக் கெடுத்தவன் என்று பேர் பரவி, மருதாசலத்தை எந்தப் பட்டறையிலும் சேர்க்கவில்லை. மலைக்குப் போய்விட்டார் என்றார்கள். போடிநாயக்கனூர் வந்து, மேட்டுப் பாதையில் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவரைக் கண்டேன். தேயிலை வாடும் வாசனைக்கு நடுவே தொழிலாளர்களுக்கான லைன் வீட்டு வாசலில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். மீசை வெளுத்திருந்தது, முறுக்கு இருந்தது.

"வாங்க மாப்பிள்ளைங்க," என்றார், நேற்றுப் பார்த்தவரைப்போல. "இந்த ஃபேக்டரியில என்ற கை இல்லீன்னா ஒரு உருளை சுத்தாதுங்க. துரை என்னைக் கேக்காம சாப்பிடப் போகமாட்டாருங்க."

"மருதாசலம், அந்த மூக்கு..."

"ஆறுதானுங்களே?"

"அஞ்சு."

அவர் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "ஏ ரங்கம்மா, இங்க வா. இவரு என்ன சொல்றாருன்னு கேளு. மறுக்காச் சொல்லுங்க மாப்பிள்ளைங்க," என்றார்.

அவள் வந்து நின்றாள். சொன்னேன். நான்தான் தப்பாக எண்ணினேன் என்றும், அன்றே எனக்குத் தெரியும் என்றும்.

"அன்னிக்கே தெரியுமுங்களா?" என்றாள். "குடிச்சுப்போட்டு வேலையைக் கெடுத்த மனுசன்னு இத்தனை வருசம் இவரை நான் பேசாத பேச்சில்லீங்க. வயித்துல இருந்தவன் இப்ப பாய்லர்கிட்ட நிக்கறான். அவன்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வளத்திருக்கறேன்." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் எண்ணிப் பாத்திருக்கலாமில்ல?"

"எண்ண உட்டாங்களா? ஒண்ணுன்னு வாயைத் தொறந்தேன். அடைச்சுப்போட்டாங்க."

அவள் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை என் கையில் கொடுக்காமல் பக்கத்துக் கல்லில் வைத்தாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். மருதாசலம் தலையாட்டினார். மன்னித்ததற்கான ஆட்டலா என்று தெரியவில்லை.

"இங்க வந்து சொல்லிப்போட்டீங்க. செரி. இங்க எனக்குப் பேரு கெடலீங்களே. கெட்ட எடத்துல சொல்லோணுமுங்க."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மில்லுக்குப் போனேன். என் மைத்துனர் லேத்துக்கு மாலை போட்டார். கூட்டம் நின்றது. வாயைத் திறந்தேன். "எல்லாரும் சௌக்கியமா?" என்றுதான் வந்தது. அது மூன்றாவது தடவை.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. மருதாசலம் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பத்திரிகை அந்த மில் வாசல் டீக்கடைக்கு வாராவாரம் வருகிறது. ஒருவர் உரக்க வாசிக்க, பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பார்கள் என்று அறிவேன். வாசிக்கிறவரிடம் ஒரு விண்ணப்பம். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மில்லுக்குள் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.

உள்ளே மாலை போட்டு நிற்கிற லேத்தின் மூக்கில் மரை அங்குலத்துக்கு ஐந்து. ஆறு என்று எண்ணியவன் இந்த மில்லின் மாப்பிள்ளை. மருதாசலம் அன்று குடித்திருக்கவில்லை.